வெப்சைட்டின் கார்பன் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வெப்சைட்டின் முகவரியைக் கொடுத்தால், "இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க இத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு" என்று சொல்லும் கருவிகள் பல வந்துவிட்டன. சிலர் அந்த எண்ணைப் பக்கத்தின் அடியில் பேட்ஜாகவும் மாட்டிவைக்கிறார்கள். அது எப்படி வருகிறது, எந்த அளவுக்கு நம்பலாம் என்று வெப்சைட் கட்டுபவர்களும் நடத்துபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெப்சைட் எங்கே கரண்ட் குடிக்கிறது?

மூன்று இடங்களில். பக்கத்தை வைத்திருக்கும் டேட்டா சென்டர், அதைக் கொண்டுவரும் கேபிளும் செல்போன் டவரும், கடைசியாகப் பார்ப்பவர் கையில் உள்ள போன் அல்லது கணினி. இவை மூன்றையும் தயாரித்தபோது ஏற்பட்ட உமிழ்வு தனிக் கணக்கு. அதை மறந்துவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

பிரான்ஸின் சுற்றுச்சூழல் முகமை அடெமும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு ஆர்செப்பும் 2020 தரவை வைத்து அந்நாட்டின் டிஜிட்டல் கார்பன் தடத்தைக் கணக்கிட்டன. பயனர் சாதனங்களுக்கு 79%, டேட்டா சென்டருக்கு 16%, நெட்வொர்க்குக்கு 5% என்று வந்தது. பிறகு 2022 தரவை வைத்துக் கணக்கிட்டபோது சாதனங்களின் பங்கு 50% ஆகவும் டேட்டா சென்டரின் பங்கு 46% ஆகவும் மாறிவிட்டது. இரண்டே ஆண்டில் டேட்டா சென்டர்கள் பூதம் போல வளர்ந்துவிட்டனவா? வளர்ச்சியும் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் வேறு. பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தும் வெளிநாட்டு டேட்டா சென்டர்களையும் இரண்டாவது முறை கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லையை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறும். இந்தத் துறையில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது அந்த எல்லையைப் பற்றித்தான்.

இன்னொன்றும் உண்டு. பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின்சாரம் என்பதால், சாதனத்தைப் பயன்படுத்தும்போது உமிழ்வு குறைவாகவும் தயாரிப்பின் பங்கு பெரிதாகவும் தெரியும். நிலக்கரியை நம்பியிருக்கும் இந்தியாவுக்கு அந்தச் சதவீதங்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

கார்பன் கால்குலேட்டர் உண்மையிலேயே எதையாவது அளக்கிறதா?

அளக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்றைத்தான்: பக்கம் திறக்கும்போது எத்தனை எம்பி டேட்டா வருகிறது என்பதை. மற்றதெல்லாம் பெருக்கல்.

பல கால்குலேட்டர்கள் பின்பற்றும் முறைக்கு 'சஸ்டெய்னபிள் வெப் டிசைன் மாடல்' என்று பெயர். 2024இல் வந்த அதன் நான்காம் பதிப்பு, 1 ஜிபி டேட்டாவுக்கு 0.3 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்கிறது. நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. இந்த 0.3இல் இயக்கத்துக்கு 0.194: டேட்டா சென்டருக்கு 0.055, நெட்வொர்க்குக்கு 0.059, பயனர் சாதனத்துக்கு 0.080. மீதி 0.106 தயாரிப்புக்கு. அதில் 0.081 பயனர் சாதனத்தின் தலையில் விழுகிறது.

ஒரு பக்கம் 2 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அது 0.002 ஜிபி. 0.3ஆல் பெருக்கினால் 0.0006 யூனிட். உலகச் சராசரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 494 கிராம் என்று இந்த மாடல் எடுத்துக்கொள்கிறது. பெருக்கிப் பார்த்தால் 0.296 கிராம். மறுபடி வரும் வாசகருக்கு எவ்வளவு குறைவாக இறங்கும், ஹோஸ்டிங் பசுமை மின்சாரத்தில் ஓடுகிறதா என்று சில திருத்தங்கள் உண்டு. அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் மீட்டர் எதுவும் ஓடவில்லை. உங்கள் சர்வர் இரவெல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதோ, ஜாவாஸ்கிரிப்ட் வாசகரின் போனைச் சூடேற்றுவதோ அந்தக் கருவிக்குத் தெரியாது.

நான் எதையும் மாற்றவில்லை, என் மதிப்பெண் மட்டும் எப்படி மாறியது?

மாடலின் பதிப்பு மாறியிருக்கும். மூன்றாம் பதிப்பில் 1 ஜிபிக்கு 0.81 யூனிட், யூனிட்டுக்கு 442 கிராம். அதே 2 எம்பி பக்கத்துக்கு அந்தக் கணக்கில் 0.72 கிராம் வரும். நான்காம் பதிப்பில் 0.3 கிராம். ஒரு வரி நிரலைக்கூடத் தொடாமல் பாதிக்கு மேல் 'குறைத்தாயிற்று'. ஆண்டறிக்கையில் "எங்கள் தளத்தின் உமிழ்வை 59% குறைத்தோம்" என்று யாராவது எழுதினால், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு என்று கேளுங்கள்.

இப்படி மாறுவதில் தப்பில்லை. நெட்வொர்க் கருவிகளின் திறன் வேகமாகக் கூடுகிறது. அஸ்லான், மேயர்ஸ், கூமி, பிரான்ஸ் ஆகிய நால்வர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, கம்பி வழி இணையத்தில் 1 ஜிபியைக் கடத்த 2015இல் 0.06 யூனிட் ஆனது. 2000 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை அது ஏறத்தாழ பாதியாகிக்கொண்டே வந்தது. அதனால் பழைய எண்ணை எடுத்து இன்றைய டேட்டாவோடு பெருக்கினால் விடை பல மடங்கு ஊதிப்போகும்.

அரை மணி நேரம் நெட்ஃப்ளிக்ஸ் பார்த்தால் 1.6 கிலோ கார்பன் என்று படித்தேனே?

அந்தச் செய்தி உலகையே சுற்றிவந்தது. பிரான்ஸின் 'ஷிஃப்ட் புராஜெக்ட்' என்ற சிந்தனைக் குழு 2019இல் வெளியிட்ட அறிக்கையை ஒட்டிப் பரவிய எண் அது. சர்வதேச எரிசக்தி முகமையில் இருந்த ஜார்ஜ் கமியா 2020இல் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். வீடியோவின் வேகத்தில் மெகாபிட்டும் மெகாபைட்டும் இடம் மாறியிருந்தன. ஒரு பைட்டுக்கு 8 பிட். அங்கேயே எட்டு மடங்கு போயிற்று. அதற்கு மேல் டேட்டா சென்டருக்கும் நெட்வொர்க்குக்கும் மிக அதிகமான மின்செலவு போடப்பட்டிருந்தது. கமியாவின் திருத்திய கணக்கில் ஒரு மணி நேர வீடியோவுக்கே சுமார் 36 கிராம்தான், அதாவது அரை மணிக்கு 18. ஷிஃப்ட் புராஜெக்ட்டும் பிட், பைட் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் 2021இல் ஐரோப்பாவுக்குப் போட்ட கணக்கில் மணிக்கு 55 கிராம் வந்தது.

1,600க்கும் 18க்கும் இடையே கிட்டத்தட்ட 90 மடங்கு. திருத்தம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் 1.6 கிலோ இன்னும் வாட்ஸ்அப்பில் உலவுகிறது.

பக்கத்தின் எடையை, அதாவது அதன் எம்பி அளவை, பாதியாக்கினால் மின்சாரமும் பாதியாகுமா?

ஆகாது. காலியாக ஓடினாலும் நிரம்பி ஓடினாலும் டவுன் பஸ்ஸுக்கு டீசல் செலவு பெரிதாக மாறுவதில்லை. நெட்வொர்க்கும் அப்படித்தான். உங்கள் வீட்டு ரவுட்டர் டேட்டா வந்தாலும் வராவிட்டாலும் ஏறத்தாழ அதே வாட்டை இழுக்கும். நீங்கள் 1 எம்பி குறைத்ததால் இன்று எந்த மீட்டரும் மெதுவாக ஓடப்போவதில்லை. ஆனால் உச்ச நேரத்து நெரிசலைப் பார்த்துத்தான் கம்பெனிகள் புதிய கருவிகளை வாங்குகின்றன. எல்லோருடைய பக்கங்களும் பெருத்துக்கொண்டே போனால் அந்த நெரிசல் கூடும். டேட்டாவைக் குறைப்பதன் பலன் அங்கே, தாமதமாக, மறைமுகமாக வரும்.

அப்படியானால் எடையை ஏன் பார்க்க வேண்டும்? சுலபமாக அளக்கலாம், பொய் சொல்லாது, பெரும்பாலும் மற்ற நோய்களின் அறிகுறியாகவும் இருக்கும். 8 எம்பி எடையுள்ள முகப்புப் பக்கம் வேறு எல்லாவற்றிலும் சிக்கனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம்?

பிரிட்டனின் ஹோல்கிரெய்ன் டிஜிட்டல் உருவாக்கிய 'வெப்சைட் கார்பன்' பிரபலமானது. மேலே சொன்ன மாடலில் இயங்குகிறது. ஒரு பார்வைக்குச் சரி, ஆழமாகத் தோண்ட உதவாது.

பிரான்ஸில் பிறந்த 'ஈக்கோஇண்டெக்ஸ்' எனக்குப் பிடித்தது. எடையோடு நிறுத்தாமல், பக்கத்தில் எத்தனை எச்டிஎம்எல் உறுப்புகள், எத்தனை கோரிக்கைகள் (பிரவுசர் சர்வரிடம் எத்தனை முறை கோப்பு கேட்கிறது) என்றும் பார்த்து ஏ முதல் ஜி வரை தரம் போடும். உறுப்புகளின் எண்ணிக்கைக்கு 3, கோரிக்கைகளுக்கு 2, எடைக்கு 1 என்று முக்கியத்துவம் கொடுக்கிறது. இந்த விகிதமும் ஒருவகை ஊகம்தான். ஆனாலும் படத்தைச் சுருக்கிவிட்டு மற்ற குப்பையை அப்படியே விட்டுவைத்தால் இது காட்டிக்கொடுத்துவிடும்.

நிரல் எழுதுபவர்களுக்கு 'கிரீன் வெப் ஃபவுண்டேஷன்' தரும் சிஓ2.ஜேஎஸ் என்ற நூலகம் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், தானியங்கிச் சோதனைகளோடு இணைத்துவிடலாம்.

உண்மையான மின்சாரத்தைப் பார்க்க ஆசையென்றால் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலர். 2022 முதல் அதில் மின்செலவைக் காட்டும் வரைபடம் உண்டு. கணினியின் சிப்பே தரும் அளவு அது. ஆப்பிள் சிப் உள்ள மேக், விண்டோஸ் 11 போன்றவற்றில் வேலை செய்யும். பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருங்கள். தானாக நகரும் பேனர் ஒவ்வொரு முறை நகரும்போதும் கோடு எழும்பும். யாரும் பார்க்காத அனிமேஷனுக்கு வாசகரின் பேட்டரி செலவாவதை அப்படி நேரில் பார்த்த பிறகு, அந்த பேனருக்காக யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை.

நானே கையால் அளப்பது எப்படி?

குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். 'டிசேபிள் கேஷ்' பெட்டியை (முன்பு சேமித்து வைத்த கோப்புகளைப் பயன்படுத்தாதே என்று பொருள்) டிக் செய்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். குரோமில் கீழே இரண்டு எண்கள் வரும். 'டிரான்ஸ்ஃபர்ட்' என்பது கம்பியில் உண்மையில் வந்தது. 'ரிசோர்சஸ்' என்பது சுருக்கி அனுப்பியதைப் பிரித்த பிறகு பிரவுசர் சுமப்பது. முதல் எண்தான் கால்குலேட்டருக்குப் போகும். இரண்டாவது எண் பழைய போனைத் திணறடிக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே நின்றுவிடாதீர்கள். குக்கீ அனுமதி கேட்டால் கொடுத்துவிட்டு, பக்கத்தின் அடிவரை உருட்டி, அப்புறம் ஒரு நிமிடம் சும்மா காத்திருங்கள். விளம்பரம் உள்ள செய்தித் தளங்களில் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் எண் தாவும். உருட்டும்போது மட்டும் இறங்கும் படங்கள், அனுமதி கொடுத்த பிறகு நுழையும் கண்காணிப்பு நிரல்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விளம்பரங்கள் என்று வரிசையாக வரும். முகவரியை மட்டும் வாங்கிக்கொள்ளும் கால்குலேட்டர் இவற்றையெல்லாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. உலகளவில் பக்கங்களை அலசும் எச்டிடிபி ஆர்கைவ் 2024 அக்டோபரில் பார்த்தபோது, முகப்புப் பக்கத்தின் இடைநிலை எடை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கணினியில் சுமார் 2.6 எம்பி, போனில் 2.3 எம்பி. ஒப்பிட அதை வைத்துக்கொள்ளலாம்.

முகப்பை மட்டும் அளந்து முடித்துவிடுவது பரவலான பழக்கம். உங்கள் வாசகர்கள் தேடுபொறி வழியாக நேராகக் கட்டுரைக்குள் இறங்குபவர்கள் என்றால், அளக்க வேண்டியது கட்டுரைப் பக்கத்தை.

தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்குமாமே?

ஆமாம். யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. 'கொ' என்பது க, ஒகரக் குறி என்று இரண்டு குறிகள், 6 பைட். 'தமிழ்' என்று எழுதினால் 15 பைட்.

அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாயிரம் சொல் கட்டுரை சுருக்காமலே 50, 60 கேபி அளவில்தான் இருக்கும். சர்வரில் ஜிஜிப் அல்லது பிராட்லி சுருக்கம் போட்டால் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிடும். ஒரே பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் தமிழ் நன்றாகச் சுருங்கும். அதே கட்டுரையின் மேலே போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போட்டிருப்பார்கள். திரையில் அது 400 பிக்சல் அகலத்தில் தெரியும்.

எழுத்துருவைக் கவனியுங்கள். அழகுக்காக ஒரு தமிழ் எழுத்துருவை நான்கு தடிமன்களில் ஏற்றினால் நான்கு கோப்புகள். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும் விண்டோஸில் நிர்மலாவும் ஏற்கெனவே இருக்கின்றன. உடல் பகுதிக்கு அவை போதும், தலைப்புக்கு மட்டும் ஒரு கோப்பு ஏற்றலாம். இன்னொரு பழக்கமும் இருக்கிறது: இரண்டு பக்கச் சுற்றறிக்கையை அச்சடித்து, ஸ்கேன் செய்து, படமாக ஏற்றுவது. எடை நூறு மடங்கு, தேடவும் முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது.

சர்வர் சென்னையில் இருப்பதற்கும் பாரிஸில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய. இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவில், மின் கட்டமைப்பின் சராசரி உமிழ்வு 2023-24இல் யூனிட்டுக்கு சுமார் 0.73 கிலோ. பிரான்ஸில் அது 100 கிராமுக்கும் கீழே. இலங்கையில் மழையைப் பொறுத்தது: அணைகள் நிரம்பிய ஆண்டில் குறையும், வறண்ட ஆண்டில் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் அந்த இடத்தை நிரப்ப, கூடும்.

நேரத்தைப் பொறுத்தும் மாறும். தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் சுழலும் காலமும் கோடை இரவும் ஒன்றல்ல. பேக்அப், வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற அவசரமில்லாத வேலைகளைச் சூரிய மின்சாரம் நிறைய கிடைக்கும் பகல் நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

ஆனால் வாசகர்கள் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தால், சர்வரைப் பாரிஸுக்கு மாற்றினாலும் அவர்களின் போன் சார்ஜ் ஆவது உள்ளூர் மின்சாரத்தில்தான்.

ஹோஸ்டிங் கம்பெனி "100% பசுமை" என்கிறது. நம்பலாமா?

எந்தப் பொருளில் என்று கேளுங்கள். ஆண்டு முழுக்கச் செலவான மின்சாரத்துக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களை வாங்கினாலும் '100%' என்று சொல்லிக்கொள்ளலாம். நள்ளிரவில் அந்த சர்வருக்கு வரும் மின்சாரம் நிலக்கரியிலிருந்தே வந்தாலும். உமிழ்வுக் கணக்கில் இதைச் சந்தை அடிப்படை என்றும், உள்ளூர் மின் கட்டமைப்பை வைத்துப் போடுவதை இட அடிப்படை என்றும் சொல்வார்கள். நேர்மையான கம்பெனி இரண்டையும் தரும்.

கிரீன் வெப் ஃபவுண்டேஷனின் தேடல் பெட்டியில் முகவரியைப் போட்டால், அதன் பட்டியலில் உங்கள் ஹோஸ்டிங் இருக்கிறதா என்று தெரியும். ஒரு சிக்கல்: தளம் சிடிஎன் (பக்கத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து வாசகருக்கு அருகிலிருந்து தரும் சேவை) பின்னால் இருந்தால் அந்தச் சிடிஎன்னின் முகவரிதான் வெளியே தெரியும். உள்ளே இருக்கும் சர்வர் எப்படிப்பட்டதாக இருந்தாலும் பச்சை டிக் விழுந்துவிடும்.

தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

வேண்டும், ஆனால் ஒரு பக்கத்துக்கு இத்தனை மில்லி என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. குளிரூட்ட ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஆகிறது என்ற அளவை டேட்டா சென்டரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த சென்னையில் இதைக் கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டார்க் மோடு போட்டால் மிச்சமாகுமா?

ஓஎல்இடி திரையில் மட்டும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தால் சராசரியாக 3 முதல் 9 சதவீதமே மிச்சம். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம். எல்சிடி திரையில் பலன் இல்லை.

தளத்தில் ஏஐ சாட் பெட்டி வைத்தால் கணக்கு எப்படி மாறும்?

எம்பி கணக்கு அங்கே அடியோடு தோற்றுவிடும். கேள்வியும் பதிலும் சேர்ந்து சில கேபிதான், வேலை முழுவதும் சர்வரில் நடக்கிறது.

2025இல் கூகுள், தன் ஏஐயான ஜெமினிக்கு வரும் ஓர் இடைநிலை எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி, 0.03 கிராம் கார்பன், 0.26 மில்லி தண்ணீர் என்றது. அதே ஆண்டு பிரான்ஸின் ஏஐ கம்பெனி மிஸ்ட்ரல், சுமார் ஒரு பக்கப் பதிலுக்கு 1.14 கிராம், 45 மில்லி என்றது. கார்பனில் 38 மடங்கு வித்தியாசம். மிஸ்ட்ரல் 38 மடங்கு மோசம் என்று இதற்குப் பொருளில்லை. பதிலின் நீளம் வேறு, கணக்கின் எல்லையும் வேறு. கூகுளின் கார்பன் எண் சந்தை அடிப்படையிலானது. அதே 0.24 வாட் மணியை இந்தியக் கட்டமைப்பின் சராசரியால் பெருக்கினால் 0.17 கிராம் வருகிறது, அவர்கள் சொன்னதைப் போல ஐந்தாறு மடங்கு.

இதற்கென்று தரநிலை ஏதும் இல்லையா?

மென்பொருளுக்கு உண்டு. கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் உருவாக்கிய, மென்பொருளின் கார்பனைக் கணக்கிடும் எஸ்சிஐ முறை 2024இல் ஐஎஸ்ஓ 21031 என்ற சர்வதேசத் தரநிலை ஆனது. மின்சாரத்தை அதன் உமிழ்வால் பெருக்கி, சாதனத் தயாரிப்பின் பங்கைக் கூட்டி, ஓர் அலகுக்கு வகுக்க வேண்டும். அலகு ஒரு பயனராகவோ ஒரு கோரிக்கையாகவோ இருக்கலாம். மரம் நட்டோம், ஆஃப்செட் (வேறிடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று) வாங்கினோம் என்று கழித்துக்கொள்ள இதில் இடமில்லை என்பது நல்ல விஷயம். வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 முதல் வெப் நீடித்தன்மை வழிகாட்டுதல்களை வரைவாக வெளியிட்டு வருகிறது. பிரான்ஸ் 2021இல் சட்டமே போட்டு, அதன் தொடர்ச்சியாக 2024இல் 78 அளவுகோல்கள் கொண்ட வழிகாட்டியை வெளியிட்டது.

என் தளத்துக்கு மாதம் பத்தாயிரம் பார்வைதான். அளந்து என்ன ஆகப்போகிறது?

2 எம்பி பக்கத்துக்கு மேலே போட்ட கணக்குப்படி மாதம் 3 கிலோ. ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல் எரித்தால் ஏறத்தாழ அவ்வளவு வரும். வாடிக்கையாளர் சந்திப்புக்கு ஒருமுறை காரில் போய்வந்தால் அதைத் தாண்டிவிடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் வேறு பலன் இருக்கிறது. ஸ்மார்ட்போனின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. ஆறு வருடப் பழைய, 2 ஜிபி ராம் போனை ஒருவர் ஏன் தூக்கிப் போடுகிறார்? பேட்டரி, திரை என்பதோடு, "எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பதும் ஒரு காரணம். அந்தச் சுற்றலில் நம் ஜாவாஸ்கிரிப்டுக்கும் பங்குண்டு. எந்தக் கால்குலேட்டரும் இதைக் கிராமில் காட்டாது. ஆகவே என் சோதனை மேசையில் பழைய விலைகுறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் பக்கம் திறந்து, மெனுவைத் தட்டினால் உடனே விரிகிறதா என்பதை ஏ, பி, சி தரத்துக்கு முன்னால் பார்ப்பேன்.

அளந்ததை அறிக்கையில் எப்படி எழுதுவது?

கிராமை மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கங்கள், எந்தத் தேதி, எந்தச் சாதனம், அடிவரை உருட்டினீர்களா, எந்த மாடலின் எத்தனையாவது பதிப்பு, யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று எடுத்தீர்கள், இவை அனைத்தும் இருக்க வேண்டும். எம்பி, கோரிக்கைகளின் எண்ணிக்கை, எச்டிஎம்எல் உறுப்புகள் ஆகிய மூன்றையும் கிராமுக்கு மேலே போடுங்கள். அடுத்த ஆண்டு மாடல் மாறினாலும் அந்த மூன்றும் மாறாது. பழைய ஆண்டின் கிராமைப் புதிய பதிப்பில் மறுபடி போட்டுக்கொள்ளவும் அவை இருந்தால் போதும். தசமத்துக்குப் பிறகு ஓர் இலக்கம் வரை எழுதினால் சரி. "0.2964 கிராம்" என்று எழுதினால் நான்கு இலக்கம்வரை அளந்தது போலத் தோன்றும், அப்படி யாரும் அளக்கவில்லை.